குழந்தைக்கு எந்தத் துப்பாக்கி?

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றார். துப்பாக்கி சுடுதல் படைவீரருக்கும் ஜமீன்தாருக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் அன்று முதல் நம் நாட்டில் மெல்ல அகன்று வருகிறது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் பெற்றதும், 2024இல் பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலங்களை வென்றதும் அந்த ஆர்வத்தை வளர்த்துவிட்டன. இப்போது நம் பங்குகளிலும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் காற்றுத் துப்பாக்கி வாங்கித் தரப் புறப்படும் தந்தையர் இருக்கிறார்கள். "எது நல்லது?" என்று அவர்கள் கடையில் கேட்கிறார்கள். "இதுதான் சார், பவர் அதிகம்" என்று விடை வருகிறது. இந்த விடையை மறுப்பதற்காகவே எழுதுகிறேன்.

அதற்கு முன், மறுபக்கத்தில் நிற்கும் பக்தியுள்ள அன்பர்களுக்கும் ஒரு சொல். கிறிஸ்தவக் குழந்தை துப்பாக்கியைத் தொடலாகாது, அது ஐந்தாம் கட்டளைக்கு எதிரானது என்கிறார்கள். இவர்கள் ஜெர்மனியின் ரைன்லாந்து, வெஸ்ட்பாலியா பகுதிகளின் கத்தோலிக்க ஊர்களைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். குறி சுடுவோரின் சகோதர சபைகள் அங்கே நடுக்காலம் தொட்டு இருந்து வருகின்றன. ஊரைக் காப்பதும், நற்கருணைப் பவனியில் உடன் நடப்பதும் அவற்றின் பழைய பணிகள். அவற்றுள் பலவற்றுக்குப் பாதுகாவலர் நம் புனித செபஸ்தியாரே. அம்புகளால் துளைக்கப்பட்டவரை அம்பு எய்வோரே பாதுகாவலராகக் கொண்டது விந்தைதான். எய்கிறவன் எய்யப்பட்டவரின் முகத்தை மறக்கலாகாது என்று அம்மக்கள் கருதினார்களோ என்னவோ! அவர்களுடைய ஆண்டு விழாவில் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் ஒரு பறவையை வைத்துச் சுடுகிறார்கள். அது மரத்தால் செய்த பறவை. அதன் கடைசித் துண்டை வீழ்த்துபவரே அவ்வாண்டின் அரசர்.

அந்த நாட்டிலேயே, 12 வயது நிரம்பாத சிறுவரிடம் காற்றுத் துப்பாக்கியைக் கொடுக்கச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அதற்கும் இளையோர் ரவை இல்லாத, ஒளிக்கதிரைப் பாய்ச்சும் கருவியில் பழகுகிறார்கள். நூற்றாண்டுகளாகத் துப்பாக்கியோடு வாழ்ந்த மக்களுக்கே இத்தனை தயக்கம். நமக்கோ கிறிஸ்துமஸ் பரிசாகக் காகிதத்தில் சுற்றித் தரும் துணிவு!

இனிப் பவருக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே அந்த 20 ஜூலின் விளிம்பை எட்டிப் பிடிப்பதே பெருமை என்று விற்பவரும் வாங்குபவரும் கருதுகிறார்கள். ஒலிம்பிக் அரங்கில் சுடப்படும் துப்பாக்கியின் ஆற்றல் எவ்வளவு? சுமார் 7 அல்லது 8 ஜூல். அவ்வளவே. அங்கே 10 மீட்டர் தொலைவிலுள்ள அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அதைத் தொடுவதற்கு வலிமை உதவாது. மூச்சை அடக்கத் தெரிய வேண்டும். விரலை மட்டும் அசைத்து உடலை அசையாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். தங்கம் வாங்கித் தரும் கருவியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றலுள்ள ஒன்றை எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது எதற்காக? அட்டையில் துளையிடுவதற்கு அன்று என்பது தெளிவு.

பிள்ளையின் உடலையும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. முதல் வகுப்புக்குச் சட்டை தைக்கத் தையல்காரர் தோளை அளக்கிறார். துப்பாக்கிக்கு அந்த அளவும் இல்லை. தோளில் பதியும் கட்டையின் முனைக்கும் விசைக்கும் இடையிலுள்ள தூரம் பிள்ளையின் கைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பெரியவருக்குச் செய்த கட்டையைத் தாங்கும் சிறுவன் முதுகை வில்லாகப் பின்னுக்கு வளைக்கிறான், கழுத்தை நீட்டுகிறான், நான்கு முறை சுட்டதும் கை நடுங்குகிறது. பிறகு, "இவனுக்குக் குறி வரவில்லை" என்று தந்தை சலித்துக்கொள்கிறார். சுருள்வில் வகையில் குழலை மடித்து வில்லை இறுக்க வேண்டும். ஆற்றல் கூடக் கூட அந்த வில்லின் கடுமையும் கூடுகிறது. பிள்ளை அதை முழங்காலில் ஊன்றி இரு கைகளாலும் இழுக்கிறான். குழல் மடிந்திருக்கும்போதே விசை தவறி விடுபட்டால் குழல் சட்டென்று மேலே தெறித்து விரலை நசுக்கிவிடும். ஆகவே சிறுவருக்கான முதல் துப்பாக்கி எடை குறைந்ததாக, கட்டை குறுகியதாக, வில் மென்மையானதாக, ஒரு முறைக்கு ஒரே ரவை இடுவதாக இருக்கவேண்டும். வில்லை இறுக்கும் வேலையைப் பெரியவரே செய்யட்டும். துப்பாக்கியை மணல் பையின் மேல் சாய்த்துச் சுடப் பழகுவது இழிவன்று. தொலைநோக்கி வேண்டாம், குழலின் மேலுள்ள குறிகளை வைத்தே கண் பழகட்டும். எஃகுக் குண்டுகள் கடினமான பரப்பில் பட்டு எதிரே திரும்பி வரும். அட்டையில் சுட ஈய ரவையே ஏற்றது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஈயம் நஞ்சு என்பதால், சுட்டபின் கை கழுவாமல் உணவைத் தொடக்கூடாது.

கடைக்காரர் இவற்றையெல்லாம் சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. அவர் விற்பது பொருளை. பிள்ளையை வளர்ப்பது நாம்.

பாவத்தைக் குறிக்கப் புதிய ஏற்பாடு ஆளும் 'ஹமார்த்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது பழைய பொருள் என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். எபிரேயத்திலும் அப்படியே. ஆனால் நீதித்தலைவர்கள் நூலின் இருபதாம் அதிகாரத்தை நாம் வாசித்து முடிப்பதில்லை. பென்யமின் குலத்தில் 700 இடக்கை வீரர் இருந்தனர். ஒரு தலைமயிரைக் குறி வைத்துக் கவண் கல்லை எறிந்தாலும் அவர்கள் தவறுவதில்லை. எபிரேய மூலத்தில் அந்தத் 'தவறுவதில்லை' என்னும் சொல்லும், பாவம் செய்வதைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அத்தகைய வீரர் போரிட்டது எதற்காக? கிபயாவில் ஒரு பெண்ணை இரவு முழுதும் வதைத்துச் சாகவிட்ட கயவரை ஒப்படைக்க மறுத்த தங்கள் குலத்தைக் காப்பதற்காக! கல் ஒருமுறையும் தவறவில்லை. குலமோ அழிவின் விளிம்புக்கு வந்தது. பாறைப் பகுதிக்கு ஓடித் தப்பியவர் 600 பேரே. குறி பார்க்கக் கற்பித்தால் ஒழுக்கம் தானே வந்துவிடும் என்று சொல்லும் பயிற்சி விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 700 பேர் என் நினைவுக்கு வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்த துப்பாக்கிக்கு ஒரு வாரத்தில் அட்டை சலித்துவிடுகிறது. அடுத்தது காலிப் புட்டி, அதற்கடுத்தது ஓணான், பிறகு வேப்பமரத்துக் கிளி. பறவைகளில் பெரும்பாலானவற்றை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. கிளியைச் சுடுவது குற்றம் என்பதே பல தந்தையர்க்குத் தெரியாது. சட்டத்தை விடுங்கள். தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானவை என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அசிசியாரின் கதையைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளையிடம், பிற்பகலில் "அந்தக் காக்காயை அடி பார்க்கலாம்" என்று சொல்லும் தந்தை எந்த மறையைக் கற்பிக்கிறார்?

அதனால் என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். சிறு பிள்ளைக்குச் சொந்தமாகத் துப்பாக்கி வேண்டாம். சென்னை, மதுரை, கோவை, திருச்சி ஆகிய நகரங்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. பிள்ளைக்குத் தக்க வயதானதும் அங்கே அழைத்துச் செல்லுங்கள்; அங்குள்ள கருவியில், பயிற்சியாளர் சொல்லும் கட்டளைக்குப் பணிந்து, வரிசையில் நின்று சுடட்டும். போட்டிக்குரிய வெளிநாட்டுத் துப்பாக்கி லட்ச ரூபாயைத் தாண்டும். ஏழைப் பிள்ளைக்கும் பொதுக் கருவியே வழி. நகரம் தொலைவு, வீட்டில்தான் பழக்க இயலும் என்பவர் மேலே சொன்னவாறு மெலிந்த ஒன்றை வாங்கட்டும். ஆனால் தம் பெயரில் வாங்கட்டும், பூட்டி வைக்கட்டும், தாம் அருகில் நிற்கும் நேரத்தில் மட்டும் எடுக்கட்டும்.

நம் மக்கள் புது மோட்டார் சைக்கிளையும் தையல் பொறியையும் மந்திரிக்கக் கொண்டுவருவதுபோல் இதையும் ஒருநாள் ஆலயத்துக்குக் கொண்டுவரக்கூடும். வந்தால், தீர்த்தச் செம்பை எடுப்பதற்குமுன் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது?