இலைக்குக் கிராம், காற்றுக்குக் கிலோ

நாற்புறமும் அடைத்த அறை, அடுக்கடுக்காகத் தட்டுகள், ஊதா வெளிச்சம், நடுவே பளபளக்கும் கீரை. செங்குத்துப் பண்ணை என்றதும் இந்தப் படம்தான் நினைவுக்கு வரும். மண் வேண்டாம், மழையை நம்ப வேண்டாம், பூச்சிமருந்தும் வேண்டாம் என்று சொல்லப்படும் இந்த முறையில் விளக்கைப் பற்றியும் நீரில் கரைத்த உரத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். அந்த அறையின் வெப்பம் எங்கே போகிறது என்ற பேச்சுதான் எழுவதில்லை. பண்ணையின் வரவுசெலவைத் தீர்மானிப்பது அந்தக் கேள்வியே. சென்னை போன்று வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில், விளக்கொளியில் கீரை வளர்க்கப் பொதுப் பணத்தை மானியமாகக் கொடுப்பது வீண் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அறையை ஏன் இப்படி அடைக்கிறார்கள்? வெளிக்காற்றில் இன்று கரியமில வாயு சுமார் 425 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 425 பங்கு. லெட்யூஸ், தக்காளி, ஸ்ட்ராபெரி போன்ற பயிர்களுக்கு இதை 800 முதல் 1,200 பிபிஎம் வரை உயர்த்திக் கொடுத்தால் விளைச்சல் கால் பங்கு வரையிலும், சில நேரம் அதற்கு மேலும் கூடும். மாறாக, புதுக் காற்று வராத அறையில் விளக்கை மட்டும் எரியவிட்டால் இலைகளே அந்த வாயுவை உறிஞ்சி அளவை 200 பிபிஎம் பக்கம் இறக்கிவிடும், வளர்ச்சி படுத்துவிடும். அதனால் சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்துகிறார்கள். 100 கன மீட்டர் அறையில் 600 பிபிஎம் கூட்டுவதற்கு ஏறக்குறைய 110 கிராம் வாயு போதும். ஆனால் மணிக்கு 20 தடவை காற்று மாறும்படி விசிறியை ஓடவிட்டால், அதே அளவை நிறுத்திவைக்க மணிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கொட்ட வேண்டியிருக்கும். ஒரு கிலோ லெட்யூஸ் தன் வாழ்நாள் முழுவதும் உடம்பில் சேர்த்துக்கொள்வதோ சுமார் 80 கிராம்தான். ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொயோகி கோசாய் வகுத்த தாவரத் தொழிற்சாலை முறையில், அறைக்காற்று மணிக்கு நூற்றில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் மாறாதபடி இறுக்கி அடைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அடைத்த கையோடு வெப்பமும் மாட்டிக்கொள்கிறது. விளக்குக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் மிகச் சில சதவீதமே இலையில் உணவாகச் சேர்கிறது. எவ்வளவு உயர்ந்த எல்இடி ஆனாலும் மீதியெல்லாம் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் தங்கும். 7 கிலோவாட் விளக்கு எரியும் அறைக்கு, சுவர் வழியே இறங்கும் வெயிலைச் சேர்க்காமலே, 2 டன் ஏசி இடைவிடாமல் ஓட வேண்டும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி நீராவியாக உருமாறியிருக்கும். வேர் உறிஞ்சும் நீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இலை வழியே ஆவியாகிறது. ஒவ்வொரு லிட்டரும் 0.68 யூனிட் வெப்பத்தைச் சுமந்து காற்றில் கலக்கிறது. இவ்வளவு ஈரத்தைப் பிழிந்தெடுக்க வீட்டு ஏசிக்குத் திராணி இல்லை. விளக்கை அணைத்த பிறகு இது அப்பட்டமாகத் தெரியும். சூடு தணிந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்திவிடும். செடிகளும் ஈரத் தட்டுகளும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி, இலைமேல் நீர் கோத்து, பூஞ்சாணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை உள்ளே வைத்தால் அது தன் பங்குக்கு அறையைச் சூடாக்கும். கதவைத் திறந்தால் வாயு வெளியேறி, சென்னையின் புழுக்கம் உள்ளே வரும். வாயு, வெப்பம், ஈரம் என்ற மூன்றில் எதைச் சரிசெய்தாலும் மற்ற இரண்டும் கலைகின்றன. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மின்சாரத்தைத் தவிர வேறு வழியில்லை.

அந்த மின்சாரக் கணக்குதான் திகைக்க வைக்கிறது. நன்றாக நடத்தப்படும் பண்ணையிலும் ஒரு கிலோ லெட்யூஸுக்குச் சுமார் 10 யூனிட் செலவாகிறது. தமிழக வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை வைத்துக் கணக்கிட்டால் பத்துக் கிலோ இலை. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, 80 கிராம் வாயுவை இலைக்குள் சேர்க்க 7 கிலோ வாயுவைக் காற்றில் விடுகிறோம். பணக் கணக்கும் இதைவிட மேலாக இல்லை. அமெரிக்கச் செங்குத்துப் பண்ணை நிறுவனங்களில் ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்பு கோரியது. போவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் கதவை மூடியது. பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டு, கீரையை விட்டுவிட்டு விலை கூடிய ஸ்ட்ராபெரிக்கு மாறியது. நம்மைப் போன்ற தட்பவெப்பம் கொண்ட சிங்கப்பூர், தன் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை 2030-க்குள் உள்நாட்டிலேயே விளைவிப்பதாக 2019-இல் அறிவித்தது. 2025-இல் அந்த இலக்கைக் கைவிட்டு, 2035-க்கு வேறு இலக்குகளை வைத்துக்கொண்டது. பணமும் நிர்வாகத் திறமையும் உள்ள நாட்டுக்கே இந்தக் கதி.

இதற்கு மறுப்புகள் உண்டு. தண்ணீர் மிச்சமாகிறதே என்பார்கள். உண்மைதான், வயலோடு ஒப்பிட்டால் 90 சதவீதத்துக்கு மேல் மிச்சம். ஆனால் ஏசி கம்பிச்சுருளில் படியும் நீரைப் பிடித்துத் திரும்ப ஊற்றுவதும் அந்தச் சிக்கனத்தில் சேர்த்தி. அதற்கான விலையை மின்கட்டணத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். லாரிப் பயணம் குறைகிறதே என்பார்கள். ஊட்டியிலிருந்து சென்னைக்கு ஒரு கிலோ காய்கறி வந்து சேர வெளியேறும் வாயு சில நூறு கிராமைத் தாண்டாது. ஏழு கிலோவுக்கு அது ஈடாகாது. சூரிய மின்சாரம் என்பது கூடுதல் வலுவுள்ள வாதம். லெட்யூஸுக்கு ஒரு நாளில் வேண்டிய ஒளியை எல்இடியில் தந்து, குளிர்ப்பையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 யூனிட். நம் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பலகை ஒரு யூனிட் கொடுத்தால் பெரிய காரியம். பத்து அடுக்குப் பண்ணை நிலத்தை மிச்சப்படுத்துகிறது என்றால், அதன் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் இருபது சதுர மீட்டர் பலகை வேறெங்கோ விரிந்து கிடக்க வேண்டும். வெயிலை மின்சாரமாக்கி, மறுபடி வெளிச்சமாக்கி, கூடவே வரும் சூட்டை வெளியே தள்ளுவதைவிட வெயிலிலேயே பயிர் வைப்பது எளிது.

கட்டுப்படுத்திய சூழலில் பயிர் வளர்ப்பதையே இந்த வாதம் மறுக்கவில்லை. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களுக்கு ராட்டர்டாம் அருகே உள்ள பெர்னிஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயு 2005 முதல் குழாயில் போகிறது. குளிர்ந்த நாடு, வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் சூரியன், வாயு வேறொரு தொழிலின் கழிவு என்பதால் அங்கே கணக்கு ஓரளவு கட்டுப்படியாகிறது. நம் ஊருக்குப் பொருந்தும் அறை, விளக்கு வேண்டாத அறை. சிப்பிக் காளான் குடிலில் தரையில் மணல் பரப்பி, சுவரோரம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாலே குளிர்ச்சி கிடைக்கிறது. காளான் வாயுவை உண்பதில்லை, வெளிவிடுகிறது. மொட்டுவிடும் பருவத்தில் வாயு தேங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும். அதற்குச் சிலிண்டர் தேவையில்லை, காற்றோட்டம் போதும். திசு வளர்ப்பு வாழைக்கன்றுக்கு விளக்கு வேண்டும் என்றாலும் அதுவும் கட்டுப்படியாகும்: ஒரு தட்டில் ஆயிரக்கணக்கான கன்றுகள், ஒவ்வொன்றும் பின்னர் வெயிலில் ஒரு தார் ஈனப் போவது. விளக்குச் செலவு அங்கே ஒரு கன்றுக்குச் சொற்பமே.

ஆகவே மானியமோ வங்கிக் கடனோ கேட்டு வரும் ஒவ்வொரு திட்டத்திடமும் மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: கிலோவுக்கு எத்தனை யூனிட், குளிர்ப்புக்கு மட்டும் எவ்வளவு, விளக்கு அணைந்த பின் ஈரப்பதம் எவ்வளவு. வாயு செலுத்தும் அறை என்றால் நான்காவது கேள்வியும் உண்டு. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோரம் தேங்கும். எட்டு மணி நேர வேலைக்கு 5,000 பிபிஎம் என்பதே அமெரிக்கா வைத்துள்ள வரம்பு; 40,000 எட்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து. அளவு மீறினால் ஒலிக்கும் அபாயமணியும், தானே மூடும் வால்வும் இல்லாத அறைக்குள் கூலியாளை அனுப்ப அனுமதிக்கக் கூடாது. இந்த எண்களைக் காட்ட முடியாத பண்ணையைத் தனியார் தம் சொந்தப் பணத்தில் நடத்திப் பார்க்கட்டும். அரசுப் பணம் காளான் குடிலுக்கும் நாற்றங்காலுக்கும் நிழல்வலைக்கும் போகட்டும்.