மைக் பிடித்து ‘நான்’ என்று பாடுங்க

ஹாஸ்டல் ரூம்ல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் யூடியூப்ல ஒரு கரோக்கி ட்ராக்கும் கிடைச்சா நம்ம பொண்ணுங்க முதல்ல எடுக்கிறது ஹீரோ பாட்டுதான். அதே பொண்ணுங்க கல்ச்சுரல்ஸுக்குப் பேர் கொடுத்தா, “நல்ல மெலடியா ஒண்ணு பாடும்மா” என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்களும் மெலடிக்கு மாறிடுறீங்க. ஏன்?

பாட்டுப் பேர்களை மட்டும் கவனிங்க. 1965-ல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ். பாடியது ‘நான் ஆணையிட்டால்’. 30 வருஷம் கழித்து ‘பாட்ஷா’வில் ரஜினிக்காக எஸ்.பி.பி. பாடியது ‘நான் ஆட்டோக்காரன்’. ரெண்டுமே ‘நான்’ என்று தொடங்குது. நமக்கான பாட்டுன்னு எல்லாரும் சொல்ற, 2019-ல் ‘பிகில்’ படத்தில் வந்த ‘சிங்கப்பெண்ணே’வோ பேரிலேயே நம்மைக் கூப்பிடுது. நல்ல பாட்டுதான், எனக்கும் புல்லரிக்கும். ஆனா அங்கே பேசுறவங்க வேற, நாம கேட்கிறவங்க. சித்ராவுக்கும் பா.விஜய்க்கும் தேசிய விருது வாங்கித் தந்த ‘ஒவ்வொரு பூக்களுமே’கூட மனசைத் தேற்றுகிற பாட்டு. தேற்றுவது வேற, ‘இதோ நான்’ என்று நிற்பது வேற.

கரோக்கி இங்கேதான் உதவுது. ஜப்பானிய மொழியில் ‘கரா’ என்றால் காலி, ‘ஓகே’ என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். 1971-ல் கோபே நகரில் டைசுகே இனோவே என்ற இசைக்கலைஞர் கார் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், காசு போடும் பெட்டி எல்லாத்தையும் சேர்த்து 11 மெஷின் செய்து வாடகைக்கு விட்டார். (பேடன்ட் வாங்கவே இல்லை. ப்ராஜெக்ட் பண்றவங்க கவனிக்க.) பாடகர் குரல் போனதும் அந்த ‘நான்’ காலியாகிடுது. யார் மைக்கைப் பிடிக்கிறாங்களோ அவங்களுக்குச் சொந்தம்.

நம்ம பக்கத்துப் பொம்பளைங்க பாடத் தெரியாதவங்க இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி சுத்துப்பட்டு கரிசல் ஊர்கள்ல முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டி, ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மற்றவங்க வாங்கிப் பாடுவாங்க. வானம் பார்த்த பூமி. மழைக்காகவும் ஊருக்காகவும் பாடுற பாட்டு அது. ஒரு பொம்பள தன் கதையை நாலு பேர் முன்னாடி சத்தமா, தனியா பாடணும்னா சாவு வீடுதான் இடம். பொறந்த வீடு கைவிட்டது, புகுந்த வீட்டில் பட்டது எல்லாத்தையும் ஒப்பாரியில் ராகம் போட்டுச் சொல்லலாம், யாரும் வாயை மூடச் சொல்ல மாட்டாங்க. பட்டதைப் பாட இடம் இருந்துச்சு. ‘நான் ஜெயிப்பேன்’ என்று பாட நம்ம அப்பத்தாக்களுக்கு எந்த மேடை இருந்துச்சு?

“ஹீரோ ஒரே பாட்டுல பணக்காரர் ஆவார், உங்களுக்கு அரியர் அப்படியேதானே இருக்கும்” என்று பசங்க கிண்டல் பண்ணுவாங்க. இருக்கும்தான். ஆனா வைவாவிலும் இன்டர்வியூவிலும் முதல் கேள்வியே நம்மளைப் பற்றித்தான். வீட்டுக்கு முதல் பட்டதாரியா வர்ற பல பேருக்குப் பதில் தெரியும், குரல்தான் உள்ளே போயிடும். மூணு நிமிஷம் கூட்டத்துக்கு முன்னாடி ‘நான்’ என்று தொண்டையைத் திறந்து பழகினவங்களுக்கு அந்த அறையில் கொஞ்சமாவது பயம் குறையும்னு நம்புறேன்.

ஒரு டெக்னிக்கல் விஷயம். ஆண்கள் பாட்டு ட்ராக் பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு கட்டையில் இருக்கும்; நமக்கு அஞ்சு கட்டை பக்கம்தான் சௌகரியம். அப்படியே பாடினா கீழ் ஸ்தாயி வரிகள் வெறும் காத்தாப் போகும். உடனே “பொண்ணுக்கு இந்தப் பாட்டு செட் ஆகலை”ன்னு முடிவு பண்ணிடுவாங்க. செட் ஆகாதது ஸ்கேல்தான். மொபைல் ஆப்பிலேயே பிட்ச் மாற்றலாம். நாலஞ்சு படி ஏற்றிப் பாடிப் பார்த்து, தொண்டைக்குச் சரியா வர்றதை சேவ் பண்ணுங்க. பென்டிரைவ் ரெண்டா எடுத்துட்டுப் போங்க. சவுண்டு சர்வீஸ் அண்ணன்கிட்ட எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்க. கடைசி வரிசைக்கும் வார்த்தை தெளிவாக் கேட்கணும்.