சங்கத்துக் கணக்கின் சாவி யார் கையில்?

ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு விவசாயத் தொழிலாளி, மனைவியின் தோட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைக்கிறார். முன்பு பேரேட்டில் எழுதினார்கள். இன்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். பேரேடு செல்லரித்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். இந்தக் கணக்கு அப்படியல்ல. மென்பொருள் நின்றால் கணக்கும் நின்றது.

மில் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்பின்னிங் பிரேம் பழுதானால் பிட்டர் மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தைப் பார்க்கிறார். மென்பொருளுக்கு அந்த மூடி திறக்காது. வாங்கியவருக்குக் கிடைப்பது ஓடும் வடிவம் மட்டுமே. பழுது பார்க்கத் தேவையான மூலநிரல், விற்றவரின் பெட்டிக்குள்! அவர் திவாலானால்?

இதற்குத்தான் ‘எஸ்க்ரோ’ என்றொரு ஏற்பாடு. மூலநிரலை இருவருக்கும் பொதுவான மூன்றாமவரிடம் ஒப்படைப்பது. கம்பெனி மூடப்பட்டாலோ, பராமரிப்பைக் கைவிட்டாலோ, ஒப்பந்தப்படி அது வாங்கியவர் கைக்கு வரும். அதுவரை விற்றவரின் தொழில் ரகசியத்துக்கும் பங்கமில்லை.

முக்கியமான மென்பொருள்களின் மூலநிரலைப் பெற வேண்டும், முடியாவிட்டால் எஸ்க்ரோவோ வேறு தக்க ஏற்பாடோ செய்ய வேண்டும் என்று 2023 நவம்பர் 7-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அது அமல். நல்ல உத்தரவுதான். ஆனால் யாருக்கு? வணிக வங்கிகளுக்கும் பெரிய நிதிக் கம்பெனிகளுக்கும். கிராமத்துத் தொடக்க வேளாண்மைச் சங்கம் அதன் வரம்பில் இல்லை. 63,000 சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க 2022 ஜூனில் ஒன்றிய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது; நபார்டு வழியாக ஒரே பொது மென்பொருள். அத்தனை கிராமங்களின் கணக்கும் ஒரே சாவியில்!

எஸ்க்ரோவையும் கண்ணை மூடி நம்பலாகாது. மூன்று வருஷத்துக்கு முந்தைய நிரல் பெட்டியில் கிடந்தால் என்ன பயன்? மென்பொருள் அயலான் கம்ப்யூட்டரில் ஓடினால் நிலைமை இன்னும் மோசம். 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததையடுத்து, குஜராத் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாப்ட் சேவையை நிறுத்தியது. டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனார்கள். பிறகே சேவை திரும்பியது. நம் சங்கம் எந்த நீதிமன்றத்துக்குப் போகும்?

ஆகவே அடுத்த பேரவைக் கூட்டத்தில் நாம் எழுந்து கேட்போம்: மூலநிரல் யாரிடம் இருக்கிறது? கடைசியாக எப்போது புதுப்பித்து ஒப்படைத்தார்கள்? அதை வைத்து யாராவது ஓட்டிப் பார்த்தார்களா? செயலாளருக்கு விடை தெரியாவிட்டால், நபார்டுக்கு எழுதிக் கேட்கத் தீர்மானம் போடுவோம்.