பட்டா கணினியில், பெயர் தாத்தாவுடையது

சிட்டா நகல் ஒன்றுக்காகக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துத் தாலுகா அலுவலகம் போய், 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடு திரும்பிய நாள்களை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெரிந்தால் போதும், நள்ளிரவிலும் கைப்பேசியில் சிட்டா பார்க்கலாம். 2018-ல் வந்த உழவன் செயலியில் மானியத்துக்கு முன்பதிவு செய்யலாம், சந்தை விலை பார்க்கலாம். பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் இடையில் யார் கையும் படாமல் வங்கிக் கணக்குக்கே வருகிறது. இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் பதிவேட்டில் இருப்பதைத்தான் கணினி காட்டும். அப்பாவோ தாத்தாவோ இறந்து பல வருடங்கள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்து, வரப்புப் போட்டு உழுதுகொண்டிருப்பார்கள். ஊரை அறிந்த கிராம நிர்வாக அலுவலருக்கு யார் நிலம் எது என்று தெரியும். கணினிக்குத் தெரியாது. அதன் கணக்கில் செத்தவர்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர்!

இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கப்படுகிறது. ஆதாரையும் நில ஆவணத்தையும் இணைத்துத்தான் அந்த எண் கிடைக்கும். பட்டாவில் பெயர் இல்லாதவர் இங்கேயே நின்றுவிடுகிறார். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் நிலை இன்னும் மோசம். பி.எம். கிசான் நில உரிமையாளருக்குத்தான். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம் என்றாலும், சாகுபடிச் சான்று வாங்குவதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிடுகிறது.

எனவே, எல்லாத் திட்டங்களையும் இந்த எண்ணோடு கட்டிப்போடும் முன், வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றும் முகாம்களை அரசு கிராமந்தோறும் நடத்த வேண்டும். உட்பிரிவு செய்ய நிலத்தை அளக்க வேண்டும். முகாமுக்கு நில அளவர் வராவிட்டால் மனுதான் சேரும், பட்டா மாறாது. குத்தகைக்கு உழுபவர் பெயரையும் சாகுபடிதாரராக அடங்கலில் ஏற்ற வேண்டும். சாகுபடியைப் பதிவதற்கென்றே உள்ள கணக்கு அது.

விவசாயிகளும் முகாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கலாம். பாகம் பிரித்தவர்கள் அதைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. வேளாண் உதவி அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடையாள எண் பதிவில் திருப்பி அனுப்பப்படுபவர்களின் பெயர்களைக் குறித்துவைத்து, அந்தப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். சம்பா காப்பீட்டுக்கு அடங்கல் கேட்டு அலையும் நவம்பருக்கு முன்பே கொடுத்துவிட்டால், இந்தப் பட்டத்திலேயே சிலருக்காவது பட்டா மாறும்.