கூட்டி வகுத்தால் போதுமா?
தனிநபர் வருமானத்தில் கேப் வெர்டியைவிட எக்குவடோரியல் கினி மேலே. ஆகவே அங்கேதான் வாழ்க்கை வசதி என்கிறார் நண்பர். கூட்டி வகுத்தால் அப்படித்தான் வரும். அங்கே 1979 முதல் ஒபியாங்தான் அதிபர். 1990களில் எண்ணெய்ப் பணம் கொட்டத் தொடங்கியது. அது போன இடம் தெரிய வேண்டுமா? பாரிஸில் அவர் மகனுக்கு இருந்த மாளிகையைப் பறிமுதல் செய்ய 2017இல் பிரெஞ்சு நீதிமன்றம் உத்தரவிட்டதே, அங்கே பார்க்கலாம். நண்பரின் சராசரியில் அந்த மாளிகைக்காரரும் ஒரு தலைதான்!

கேப் வெர்டியில் எண்ணெய் இல்லை, மழைகூட ஒழுங்காகக் கிடையாது. சுற்றுலாவும், வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் காசும்தான் பிழைப்பு. ஆனால் 1991 முதல் தேர்தலில் தோற்ற கட்சி மறுபேச்சின்றி இறங்கிப் போகிறது. 2024இல் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. சராசரி ஆயுளோ எக்குவடோரியல் கினியைவிடப் பத்தாண்டுக்கு மேல் கூடுதல். இந்தச் சராசரி மட்டும் நண்பர் கண்ணில் படவில்லையா?