எழுமாற்றுப் பிட்டுகளுக்குச் சான்று எது?

எஃப்.பி.ஜி.ஏ. சில்லொன்றில் இன்வேட்டர்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வட்டமாகக் கோத்தால் அந்த வளையம் ஓயாது அலையும். வெப்ப இரைச்சலால் அலைவின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் சில பிக்கோசெக்கன் முந்தியோ பிந்தியோ வரும். வன்பொருள் எழுமாற்று எண் பிறப்பாக்கிகள் பலவற்றுக்கு ஊற்று இந்த நடுக்கமே. வடிவமைப்பு மென்பொருளுக்கோ இதே வளையம் வீண் தர்க்கமாகத் தெரியும். தடுக்காவிட்டால் சங்கிலியைச் சுருக்கி ஓர் இன்வேட்டரில் நிறுத்திவிடும். ஆகவே படலைகளை நீக்காதிருக்கும்படி கட்டளையிட்டு, ஒவ்வொன்றின் இடத்தையும் கையால் குறிக்க வேண்டியுள்ளது. இந்தத் தொல்லை ஒரு நாளில் தீரும். வெளிவரும் பிட்டுகளை நம்பலாமா என்ற கேள்வி அப்படித் தீர்வதில்லை.

2007இல் சுனார், மார்ட்டின், ஸ்டின்சன் ஆகியோர் 13 இன்வேட்டர்கள் கொண்ட 114 வளையங்களின் வெளியீடுகளை எக்ஸோர் படலையால் இணைக்கும் வடிவமைப்பை நிறுவலுடன் முன்வைத்தனர். அத்தனை வேக விளிம்புகளை எக்ஸோர் மரம் தாங்காது என்ற குறைக்கு, அடுத்த ஆண்டே வோல்டும் டானும் ஒவ்வொரு வளையத்தின் வாயிலிலும் ஒரு பிளிப்-பிளொப்பை வைத்தனர். வளையங்களை வெகுவாகக் குறைத்த பின்னும் புள்ளிவிபரத் தேர்வுகளில் வெளியீடு தேறியது. பலருக்கும் அது வெற்றியாகவே பட்டது. ஆனால் 2010இல் பொஷார், பேர்னார், ஃபிஷர், வல்ச்சானொவ் ஆகியோர் நடுக்கமே இல்லாத வளையங்களைக் கணினியில் பாவனை செய்து பார்த்தார்கள். சற்றே வேறுபட்ட மீடிறன்கள் ஒன்றோடொன்று கலந்ததனால் மட்டுமே பிட்டுகள் தேறின. எழுமாற்று என்று அதில் எதுவும் இருக்கவில்லை. அமெரிக்கத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யின் தேர்வு அட்டவணையை மட்டும் சான்றாக இணைத்து வரும் கட்டுரைகள் இன்றும் குறையாதது வியப்புக்குரியது.

ஜேர்மன் பி.எஸ்.ஐ. அமைப்பின் ஏ.ஐ.எஸ். 31 நெறிமுறை, தேர்வில் தேறுவது மட்டும் சான்றாகாது என்பதால்தான், ஊற்றின் நிகழ்தகவு மாதிரியைக் கேட்கிறது. பின்செயலாக்கத்துக்கு முன்னைய மூலப் பிட்டுகளைச் சோதிக்கச் சொல்கிறது. 2011ஆம் ஆண்டுப் பதிப்பின் பி.டி.ஜி. 2 வகுப்பில் பிட் ஒன்றுக்கு 0.997 எந்திரப்பி (கணிக்க முடியாமையின் அளவு) வேண்டும். போடே முதலானோர் அதே ஆண்டு தந்த மாதிரிப்படி, மாதிரியெடுப்புகளுக்கு இடையே திரளும் நடுக்கம் அலைவுக் காலத்தின் ஏறத்தாழ 0.37 மடங்காக இருந்தால் இந்த அளவு எட்டப்படும். 5 நானோசெக்கன் காலமும், சுற்றொன்றுக்கு 5 பிக்கோசெக்கன் வெப்ப நடுக்கமும் உள்ள வளையத்தை எடுத்துக்கொள்ளலாம். நடுக்கம் சுற்றுகளின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகவே வளர்வதால் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 1,34,000 சுற்றுகள், அதாவது 0.67 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். கிடைப்பது செக்கனுக்கு 1,500 பிட் அளவே. 128 பிட் சாவிக்கு இது தாராளம். பத்தில் ஒரு செக்கன் கூட ஆகாது. இப்படிப்பட்ட ஒரே வளையத்திலிருந்து செக்கனுக்குப் பல மெகாபிட் என்று கோருவோரிடம் நடுக்கத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்பது நியாயம்.

அந்த அளவீட்டிலும் ஒரு பொறி உண்டு. வெப்ப இரைச்சலோடு கலந்தே வரும் ஃபிளிக்கர் இரைச்சலின் அடுத்தடுத்த மதிப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அதைக் கணக்கில் சேர்த்தால் எந்திரப்பி வீங்கித் தெரியும். பல்வேறு திரள் காலங்களில் மாறற்றிறனை அளந்து, காலத்தோடு நேர்கோட்டில் வளரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வர்க்கமாக வளரும் பகுதியை விட்டுவிட வேண்டும்.

இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹசிந்து கமாராச்சி, ஹர்ஷ கனேகொட, ரொஷான் ராகல் ஆகியோர் ஸ்பெக் மறையீட்டை அதன் மின்வலு நுகர்வை அளந்தே உடைத்துக் காட்டியவர்கள். அந்த ஆய்வு சில்லிலிருந்து வெளியே கசிவதைப் பார்க்கிறது. பிறப்பாக்கியிலோ வெளியிலிருந்து உள்ளே போவதையும் பார்க்க வேண்டும். 2009இல் மார்கெட்டொஸும் மூரும் மின்வழங்கலில் ஒரு மீடிறனைச் செலுத்தி வளையங்களை ஒன்றோடொன்று பூட்டினர். பாதுகாப்பான நுண்கட்டுப்படுத்தி ஒன்றின் 2இன் 64ஆம் அடுக்கு வாய்ப்புகள் 3,300 ஆகச் சுருங்கின. 2012இல் பாயொன் முதலானோர் தொடாமலே, மின்காந்தப் புலத்தால், 50 வளையங்களைக் கட்டுப்படுத்தினர். ஒரே எஃப்.பி.ஜி.ஏ.யைப் பலர் பங்கிடும் மேகக் கணிமையில் அயல் பயனர் தன் சுற்றுகளால் வோல்ற்றளவைச் சரித்தே பிறப்பாக்கியைக் குலைக்கலாம் என்பது 2019இல் காட்டப்பட்டது.

சூழல் மாற்றத்துக்கு மலையகம் நல்ல சோதனைக்களம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,800 மீற்றரைத் தாண்டும், தை மாசிக் காலைகளில் அங்கே உறைபனியும் விழும். 30 பாகை செல்சியசிலிருந்து 5 பாகைக்கு இறங்கினால் தனி வெப்பநிலை 8 வீதம் குறைகிறது. வெப்ப இரைச்சலின் வலுவும் கிட்டத்தட்ட அவ்வளவே குறையும். அது பொறுக்கக்கூடிய இழப்பு. வளையங்களின் மீடிறன்கள் நகர்ந்து ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் வந்து பூட்டிக்கொள்வதுதான் கவலைக்குரியது. பேராதனையின் குளிரூட்டிய அறையில் ஒரே பலகையில் எடுத்த அளவீடு தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில் தொங்கப்போகும் கருவிக்குப் பொருந்துமென்று கொள்ள முடியாது. சில்லுக்குச் சில்லும் நடுக்கம் வேறுபடுமாகையால் பல பலகைகளும், வெப்பப் பெட்டியும், வேண்டுமென்றே ஏற்றியிறக்கிய வோல்ற்றளவும் தேவை.

மின்வெட்டு தனி அதிகாரம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடெங்கும் மின்சாரத்தை நிறுத்தியது. மின் மீண்டதும் கருவிகள் ஒரே நிலையிலிருந்து எழும். எந்திரப்பி சேருமுன் சாவி செய்தால் என்னவாகும் என்பதை 2012இல் ஹெனிங்கர் முதலானோர் இணையமெங்கும் அலசிக் காட்டினர்: டி.எல்.எஸ். வழங்கிகளில் 0.5 வீதத்தின் ஆர்.எஸ்.ஏ. தனிச்சாவிகள் அவர்கள் கையில் விழுந்தன. என்.ஐ.எஸ்.டி.யின் 800-90பி ஆவணம் தொடக்கத்தில் குறைந்தது 1,024 மாதிரிகளைச் சோதித்த பின்பே வெளியீட்டைத் திறக்கச் சொல்கிறது. ஓடும்போதும் ஒரே மதிப்பு தொடர்ந்து வருகிறதா, ஒன்று மிகுந்து வருகிறதா என்று இடைவிடாது பார்க்கச் சொல்கிறது. இவ்விரு சோதனைகளும் சில எண்ணிகளில் அடங்கும். ஆனால் அவை முற்றாகச் செத்த ஊற்றைத்தான் பிடிக்கும். பூட்டிக்கொண்ட வளையங்கள் அவற்றை எளிதில் ஏமாற்றும். சில்லுக்குள்ளேயே நடுக்கத்தை அளந்து, அது வடிவமைப்பில் குறித்த எல்லைக்குக் கீழிறங்கியதும் வெளியீட்டை அடைக்கும் சுற்று ஒன்றும் கூடவே இருக்க வேண்டும்.