பதினைந்து நாள் நோட்டீசும் எழுதப்படாத காரணமும்

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் தருவைகுளம் ஓர் ஊராட்சி. தூத்துக்குடி ஒரு மாநகராட்சி. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆனால் வாடகை வீட்டில் குடியிருப்பவரைப் பொறுத்தவரை, அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் வெவ்வேறு சட்டங்கள் ஆள்கின்றன. குடித்தனம் எப்படி முடிவுக்கு வரவேண்டும் என்பதை அறியாததால் அதிகம் இழப்பவர்கள் தலித் குடும்பங்கள். ஊர்த்தெருவில் ஒரு வீடு கிடைப்பதே அவர்களுக்கு அரிது. கிடைத்த வீடும் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் கிடைக்கிறது.

நகர்ப்புறங்களுக்கு உரியது, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் இது நடைமுறையில் உள்ளது. உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவேண்டும். உடன்படிக்கைக் காலம் முடியும் முன்னர் வாடகைதாரரை வெளியேற்ற, பிரிவு 21 அடுக்கும் காரணங்களுள் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தை அணுகவேண்டும். காலம் முடிந்தும் வீடு ஒப்படைக்கப்படாவிட்டால், அதே நிபந்தனைகளின்படி குடித்தனம் மாதத்துக்கு மாதம் எனத் தொடரும். அதற்கும் உச்சவரம்பு ஆறு மாதம். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வாடகைதாரரைப் பணியவைக்கத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதற்குத் தடையும் உண்டு.

இவற்றினூடே ஒரு பொறியும் இருக்கிறது. எழுத்துவழி உடன்படிக்கை செய்துகொள்ளத் தவறுவதையே, வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களுள் ஒன்றாகப் பிரிவு 21 வைத்திருக்கிறது. சாதி தெரிந்த பிறகு எழுதித் தர மறுக்கும் உரிமையாளர், தம் மறுப்பின் பலனைத் தாமே அறுவடை செய்துகொள்ள இது வழிவிடுகிறது. ஆகவே நகரத்தில் வாடகைக்குப் போகும் தலித் குடும்பம் முதலில் கேட்கவேண்டியது காகிதம். தர மறுத்தால், கேட்டதற்கான சான்றையாவது பதிவுத் தபாலில் உருவாக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

தருவைகுளம் போன்ற ஊராட்சிகளில் நிலைமை வேறு. அங்கே இன்றும் ஆள்வது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், குடியிருப்புக்கான வாடகை மாதக் குடித்தனமாகவே கருதப்படும். பிரிவு 106இன்படி இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து அதை முடித்துக்கொள்ளலாம். அறிவிப்பு எழுத்தில், கையொப்பத்துடன் இருக்கவேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் கணக்கு தொடங்கும். தபாலில் அனுப்பலாம், நேரில் தரலாம், வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் தரலாம், இயலாவிடில் வீட்டின் கண்ணில் படும் பகுதியில் ஒட்டலாம்.

கடலை நம்பி வாழும் ஊரில் இந்தக் கடைசி வரிகளுக்குத் தனிப் பொருள் உண்டு. 2024 ஆகஸ்டில் தருவைகுளம் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது செய்தது. அவர்களைப் போலக் குடும்பத் தலைவர் அந்நிய நாட்டுச் சிறையில் இருக்கும்போதும், மனைவியின் கையில் தரப்படும் அறிவிப்புச் சட்டப்படி செல்லும். பதினைந்து நாள் ஓடத் தொடங்கிவிடும். படகில் கூலிக்குச் செல்பவர் ஆயினும், கரையில் மீன் சுமப்பவர் ஆயினும், வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

இந்த அறிவிப்பில் காரணம் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. சாதி ஒளிந்துகொள்ளும் இடம் இதுவே. ‘மகனுக்கு வீடு வேண்டும்’ என்றுகூடச் சொல்லத் தேவையில்லாத உரிமையாளர், தெருக்காரர்களின் நெருக்குதலுக்குப் பணிந்து ஒரு தலித் குடும்பத்தை வெளியேற்றினாலும் தாளில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

ஆயினும் அறிவிப்பு முடித்துவைப்பது குடித்தனத்தை மட்டுமே; வீட்டுக்குள் புகும் அதிகாரத்தை அது தருவதில்லை. நிலைபெற்ற அனுபோகத்தில் இருப்பவரை, அவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சட்டவழியின்றி வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் கிருஷ்ண ராம் மகாலே வழக்கில் 1989இல் கூறியது. பதினைந்து நாள் கழிந்தும் குடியிருப்பவர் காலி செய்யாவிட்டால், உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறவேண்டும். பூட்டை உடைப்பதும் பாத்திரங்களைத் தெருவில் வீசுவதும் காவல் நிலையத்தில் வைத்து எழுதி வாங்குவதும் சட்டவழி ஆகா. அப்படி வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1963இன் பிரிவு 6இன்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு அனுபோகத்தைத் திரும்பப் பெறலாம். ஆறு மாதம் கடந்தால் அந்த எளிய வழி அடைபடும்.

வெளியேற்றத்தின் பின்னே சாதி இருக்குமானால், குற்றவியல் சட்டமும் உண்டு. பட்டியல் சாதியினரை அவர்தம் நிலத்திலிருந்தோ வளாகத்திலிருந்தோ முறையின்றி அகற்றுவதும், வீட்டையோ ஊரையோ விட்டுப் போகும்படி கட்டாயப்படுத்துவதும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)இன்கீழ் குற்றங்கள். ஆனால் கிறித்தவம் வேரோடிய இந்தக் கடற்கரையில் ஒரு தடை எழுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. தலித் கிறித்தவர்கள் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கான வாசல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வளாகத்தைப் பெறுவதிலோ அதில் குடியிருப்பதிலோ தீண்டாமையின் பெயரால் ‘எந்த நபர் மீதும்’ தடை விதிப்பதை அதன் பிரிவு 4 தண்டிக்கிறது. அந்தச் சொற்களில் மத வரம்பு இல்லை. நம் வழக்குகளில் அரிதாகவே எடுத்தாளப்படும் இப்பிரிவை மீண்டும் கையில் எடுக்கவேண்டும்.

குடித்தனம் முடியும் நாளுக்கான ஆயத்தம் அது தொடங்கும் நாளிலேயே தொடங்கவேண்டும். வாடகையை வங்கி வழியாகவோ ரசீதுடனோ செலுத்துதல். முன்பணத் தொகையை எழுத்தில் பெறுதல். மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை முகவரி ஆகியவற்றைச் சான்றாகப் பேணுதல். வந்த அறிவிப்புக்கு மறுமொழி அனுப்புதல். தாமே காலி செய்யும்போதும் எழுத்தில் அறிவித்து, சாவி ஒப்படைத்ததற்கு ஒப்புகை பெறுதல். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே அந்த அலுவலகத்தின் படியேறலாம்.

தனிமனிதர்களின் விழிப்பால் மட்டும் தீரும் சிக்கல் அன்று இது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புகளை ஊராட்சிகளுக்கும் விரிவுபடுத்தவேண்டும். சாதி, மதத்தைக் காட்டி வீடு மறுப்பதையும் குடித்தனத்தை முடிப்பதையும் தடைசெய்யும் பிரிவு அச்சட்டத்தில் இடம்பெறவேண்டும். இன்று அதில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. அதுவரை, எழுதப்படாத காரணத்தை நீதிமன்றத்தில் எழுத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு நம்முடையது.